கால் மைல் தீர்ப்பு

லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறவர்களின் பட்டியலில் வில்மிங்டன் இருப்பதில்லை. ஹாலிவுட், டிஸ்னிலேண்ட், சாண்டா மோனிகா கடற்கரை என்று முடிந்துவிடும். தெற்கே, துறைமுகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களும் எண்ணெய் ஆலையில் ஷிஃப்டுக்கு வருகிறவர்களும்தான். சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு இறங்கினால், வழி தவறி வந்துவிட்டீர்களா என்று அக்கறையாகக் கேட்பார்கள்.

அக்கா மகன் செரிட்டோஸில் குடியிருக்கிறான். சரக்குக் கம்பெனியில் வேலை. பக்கத்து ஆர்ட்டீசியாவில் பயனியர் சாலை முழுக்க நம்மவர்கள் கடைகள். தோசையும் காபியும் அங்கேயே ஆயிற்று. காரைக் கிளப்பும்போது, "இன்னைக்கு எங்க மாமா?" என்றான். அலமேடா தெருவும் 223-ஆவது தெருவும் சேருகிற பக்கம் என்றேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "அங்க என்ன மாமா இருக்கு? நான் தினமும் அந்தப் பக்கம்தான் போறேன். கண்டெய்னரைத் தவிர ஒண்ணும் கிடையாது."

அவன் சொன்னது சரி. பெட்டிமேல் பெட்டியாக நீலமும் சிவப்பும் பழுப்புமாகக் கண்டெய்னர்கள். நடுவே தண்டவாளங்கள். துறைமுகத்தையும் நகரத்துக்கு உள்ளே இருக்கும் ரயில் முனையங்களையும் இணைக்க 2002-இல் திறந்த 32 கிலோமீட்டர் சரக்குப் பாதை, அலமேடா காரிடார், இந்தத் தெருவின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அமெரிக்காவுக்குள் வரும் கண்டெய்னர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் என்ற இந்த இரட்டைத் துறைமுகங்கள் வழியாகத்தான் வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிகின்றன. காற்றில் டீசல் வாடையும் அதற்கு அடியில் கொஞ்சம் உப்பும்.

1955 அக்டோபர் 9 முதல் 1972 டிசம்பர் 2 வரை இந்த இடம் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். உலகத்தின் அதிவேகக் கார்கள் சனிக்கிழமை இரவுகளில் ஓடிய கால் மைல் தார்ச்சாலை. ஓட்டுகிறவர்களும் பார்க்கிறவர்களும் அதைச் செல்லமாக 'தி பீச்' என்று அழைத்தார்கள். கடற்கரைச் சங்கதி எதுவும் அங்கே கிடையாது. கடலுக்குப் பக்கம் என்பதால் வந்த பெயர்.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைவு கிடையாது, சுற்றிச் சுற்றி ஓடுவதும் கிடையாது. இரண்டு கார்கள், இரண்டு தடங்கள், நேர்க்கோட்டில் 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு யார் முதலில் எல்லையைத் தொடுகிறாரோ அவர் அடுத்த சுற்றுக்கு. தோற்றவர் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு. வழிநெடுக ஒளிக்கதிர்கள் பாயும். கார் அவற்றைக் கடக்கும்போது கடிகாரம் ஓடும், நிற்கும். எடுத்துக்கொண்ட நேரம், எல்லையில் எட்டிய வேகம் என்று இரண்டு எண்கள் சீட்டில் வரும். லயன்ஸ் மூடிய காலத்தில் முதல்தரக் கார்கள் இந்தத் தூரத்தை ஆறு வினாடிச் சொச்சத்தில் கடந்தன. ஒரு பந்தயம், நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆறு வினாடிக்காக ஒரு ஊர் வாராவாரம் திரண்டது ஏன் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. பதில் தேடினால் பந்தயத்துக்கு முன்னால் நீதிமன்றம் வருகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு இளைஞர்கள் திரும்பினார்கள். ராணுவத்தில் எஞ்சின் பிரித்து மாட்டியவர்கள், விமானத் தொழிற்சாலையில் உலோகம் கடைந்தவர்கள். லாங் பீச்சில் டக்ளஸ் கம்பெனி விமானம் கட்டியது, துறைமுகத்தில் பட்டறைகள், ஊரெல்லாம் எண்ணெய்க் கிணறுகள். பழைய ஃபோர்டு கார் கிடைப்பதற்குப் பெரிய காசு வேண்டாம். மட்கார்டைக் கழற்றி, எஞ்சினைக் கொழுக்கவைத்து ஓட்டினார்கள். பாலைவனத்தில் எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்கலாம். ஆனால் அது தூரம். பக்கத்தில் இருப்பது தெரு. இரவு சிக்னலில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும். விபத்து, சாவு, அபராதம், பத்திரிகையில் கண்டனம் என்று நாள்தோறும் ஒரே கதை.

அந்தப் பையன்கள் கடைசியில் வந்து நிற்பது நீதிபதி முன்னால். லாங் பீச் நீதிபதி ஒருவர் அபராதம் போட்டு அலுத்துப்போய், இவர்களுக்கு ஓட்ட ஓர் இடம் கொடுத்தால்தான் இது நிற்கும் என்ற முடிவுக்கு வந்தார். உள்ளூர் லயன்ஸ் சங்கங்களைக் கூட்டினார். நம் ஊரில் கண் சிகிச்சை முகாமும் பேருந்து நிழற்குடையும் என்று அறிமுகமான அதே அரிமா சங்கம். அவர்கள் பணம் போட, துறைமுகத் துறையின் நிலம் குத்தகைக்குக் கிடைக்க, பந்தயத்துக்கென்றே ஒரு தடம் பிறந்தது. லாபம் அறக்காரியங்களுக்கு. பையன்களைத் தெருவிலிருந்து எடுத்து, அவர்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தைத் தர்மத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. இத்தனை ஆண்டுகள் கழித்துப் படிக்கிறபோதும் அது நல்ல தீர்ப்பாகத்தான் படுகிறது.

டிராக் ரேஸுக்கு லயன்ஸ் முதல் இடமல்ல. சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் சி.ஜே. ஹார்ட் என்பவர் 1950-இலேயே ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களைத் தொடங்கிவிட்டார்; அவருடைய மனைவி பெக்கியும் கார் ஓட்டி ஆண்களைத் தோற்கடித்தவர். போர் விட்டுப்போன ஓடுபாதைகள் பல நாடுகளில் இப்படித்தான் பந்தயத்துக்கு வந்தன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமானத் தளத்தின் கான்கிரீட்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியதை அறுபது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் அவை வேறு காரியத்துக்குப் போட்டு, வேலை முடிந்து கைவிடப்பட்ட இடங்கள். லயன்ஸ், தெருப் பந்தயம் என்ற ஒரு குறிப்பிட்ட நோய்க்குத் தயாரித்த மருந்து. அந்த வித்தியாசம் அதன் குணத்தையே தீர்மானித்தது.

நடத்துவதற்கு ஆள் வேண்டுமே. மிக்கி தாம்ப்சனைப் பிடித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அச்சகத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டு பகலில் கார் கட்டியவர். ஓட்டுநர் இருக்கையைப் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தள்ளி, எடை முழுவதையும் பின் டயரின் மேல் ஏற்றிய 'ஸ்லிங்ஷாட்' வடிவத்தைக் கொண்டுவந்தவராக அவரைத்தான் சொல்கிறார்கள். கவணில் கல் உட்காருமிடத்தில் ஓட்டுநர் உட்காருவார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு எல்லா முதல்தர டிராக்ஸ்டர்களும் அந்த வடிவம்தான். 1960-இல் அதே மனிதர் நான்கு போண்டியாக் எஞ்சின் பூட்டிய காரில் போன்வில் உப்பு வெளியில் மணிக்கு 406 மைல் வேகம் தொட்டார். ஒரு தர்மகாரியத் திடலுக்கு நிர்வாகியாக இப்படி ஒருவர் அமைந்தால் அது வெறும் பையன்கள் திடலாக எப்படி இருக்கும்? 1960-களின் நடுவில் அவரிடமிருந்து பொறுப்பு சாண்டா ஆனா ஹார்ட்டிடம் வந்தது. எல்லோரும் அவரை 'பாப்பி' என்று அழைத்தார்கள். நம் வழக்கில் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டெய்னர் முற்றத்தின் வேலிக்கு வெளியே நின்று இதையெல்லாம் மருமகனிடம் சொல்லி முடித்தபோது அவன் கேட்டான்: "அப்போ இங்க இருந்தது எதுவும் மிச்சமில்லையா மாமா?" மிச்சம் இருப்பது சில மைல் தள்ளி, ரான்ச்சோ டொமிங்கஸில். கிடங்குகளும் சிறு தொழிற்சாலைகளும் நிறைந்த தெருவில், வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு கிடங்கு என்றே தோன்றும் கட்டடத்தில், லயன்ஸ் நினைவாக ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. உள்ளே பழைய தொடக்கக் கோட்டை மறுபடி அமைத்து, அந்தக் காலக் கார்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

கார்களைவிட அங்கே வருகிறவர்கள் எனக்குச் சுவாரசியமாக இருந்தார்கள். எழுபது தாண்டியவர்களே அதிகம். விமானத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார். நம்மூர்ப் பெரியவர்களுக்குப் பழைய படம் போட்ட தியேட்டர் எப்படியோ அப்படி அவருக்கு லயன்ஸ்: என்ன ஓடியது என்பதைவிட எங்கே உட்கார்ந்தோம், யாரோடு போனோம் என்பதைத்தான் முதலில் சொன்னார். பத்து வயதில் அப்பாவோடு போயிருக்கிறார். பதினாறு வயதில், வீட்டுக்குத் தெரியாமல், அம்மா கடைக்குப் போகும் காரையே ஓட்டிக்கொண்டு போய்ப் பந்தயத்தில் விட்டிருக்கிறார். அது முடியும். வகைக்குத் தக்கபடி பிரித்து, யார் எந்தக் காரைக் கொண்டுவந்தாலும் ஓடவிட்டார்கள். மாலையில் பலசரக்கு வாங்கப் போகும் காரும் இரவில் உலகச் சாதனைக் காரும் ஒரே தாரில், ஒரே கடிகாரத்தின் கீழ். அவருடைய பக்கத்து வீட்டு மெக்கானிக் ஒருமுறை நாடறிந்த ஓட்டுநர் ஒருவரோடு மோதி முதல் சுற்றிலேயே தோற்றாராம். தோற்றவரை ஊர் ஒரு மாதத்துக்குத் தூக்கிவைத்துக் கொண்டாடியதாம்.

சனிக்கிழமை இரவை அவர் விவரித்த வரிசை எனக்குப் பிடித்தது. முதலில் வாடை, பிறகு சத்தம், கடைசியில் காட்சி.

வாடை நைட்ரோமீத்தேனுடையது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ பதினைந்து கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது; இரண்டு கிலோவுக்கும் குறைந்த காற்று போதும். எனவே எஞ்சின் இழுக்கும் அதே காற்றில் பெட்ரோலைப்போல் எட்டு மடங்கு எரிபொருளை ஊற்றலாம். சக்தி இரட்டிப்புக்கும் மேல். தாங்க முடியாத எஞ்சின்கள் வெடித்துச் சிதறின. அதன் ஆவி கண்ணில் பட்டால் வெங்காயம் உரித்ததற்குமேல் நீர் கொட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட்டம் வேலியை நோக்கி நெருங்கும். 1957 பிப்ரவரியில் இதே லயன்ஸில் எமரி குக் என்பவர் நைட்ரோவில் மணிக்கு 166 மைலைத் தாண்டினார். அந்த வேகம் தடங்கள் நடத்தியவர்களைப் பயமுறுத்தியது. நிறுத்த நீளம் போதாது, பிரேக் போதாது. அந்த ஆண்டே தேசிய ஹாட் ராட் சங்கம் தன் பந்தயங்களில் நைட்ரோவுக்குத் தடை போட்டது. 1960-களின் நடுவில் தடை முழுக்க விலகியபோது வேகம் இருநூறைத் தொட்டிருந்தது. நிறுத்துவதற்குப் பாராசூட் வந்திருந்தது.

அந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் கிடையாது. எடை கூடுமே என்று கழற்றிவிட்டார்கள். பின்னால் ஒரு பிக்கப் வண்டியோ ஸ்டேஷன் வேகனோ முட்டிக்கொண்டு தள்ளும். பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவியோ தம்பியோ அதில் இருப்பார்கள். வேகம் பிடித்ததும் ஓட்டுநர் கிளட்சை விட, எஞ்சின் ஓர் இருமல் இருமி, பிறகு எட்டுக் குழாயிலும் நெருப்போடு உயிர்பெறும். எரியாத நைட்ரோ வெளிக்காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்வதால் குழாய்களின் நுனியில் சுடர் நிற்கும். பகலில் அது தெரியாது. லயன்ஸ் இரவுத் திடலாக இருந்ததால்தான் அந்தச் சுடர் தெரிந்தது. அதற்காகவே பலர் வந்தார்கள்.

ஆரம்ப காலத்தில் இரண்டு தடங்களுக்கும் நடுவே ஒருவர் கொடியோடு நின்று, துள்ளி உயர்த்தியதும் கார்கள் பாயும். 1963 வாக்கில் விளக்குக் கம்பம் வந்தது. மேலிருந்து கீழாக ஐந்து மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் எரிந்து இறங்கும்; பிறகு பச்சை. அவசரப்பட்டால் சிவப்பு, பந்தயம் போயிற்று. வண்ண விளக்குகளால் அதற்குக் கிறிஸ்மஸ் மரம் என்று பெயர். அருங்காட்சியகத்தில் மருமகன் அதன் முன் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

இந்தத் தடம் மற்றவற்றைவிட ஏன் வேகமானது என்ற கேள்விக்குப் பெரியவர் கையை மேற்கே காட்டினார். கடல். தரைமட்டம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேல். மாலையானால் துறைமுகத்திலிருந்து குளிர்ந்த, கனமான காற்று வரும். எஞ்சின் ஒவ்வொரு இழுப்பிலும் கூடுதல் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். வெப்பம் தணிந்த தாரில் டயர் நன்றாகப் பிடிக்கும். மலையூர்த் தடங்களில் மூச்சுத் திணறும் அதே எஞ்சின் இங்கே வந்தால் முழு மூச்சு விடும். சில இரவுகளில் மூடுபனி இறங்கி எல்லைக்கோட்டை மறைத்துவிடுமாம். அது விலகும்வரை ஓட்டுநர்கள் காத்திருப்பார்கள்.

யார் ஓட்டினார்கள் என்பது அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்தால் சாதாரண விஷயமல்ல. நாட்டின் தெற்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க முடியாத காலத்தில், ஃப்ரெட் ஸ்டோன், டிம் வுட்ஸ் என்ற கறுப்பின முதலாளிகளும் டக் குக் என்ற வெள்ளை ஓட்டுநரும் சேர்ந்த அணி, வில்லிஸ் காரோடு தெற்குக் கலிஃபோர்னியாவைக் கலக்கியது. ஸ்டோன்-வுட்ஸ்-குக் என்று மூன்று பெயரும் கதவில் எழுதியிருக்கும். அவர்களுக்கு எதிரே 'பிக் ஜான்' மஸ்மேனியன், ஆர்மீனியக் குடும்பம், குப்பை அள்ளும் தொழிலில் சம்பாதித்தவர். அவருடைய வில்லிஸின் பளபளக்கும் சிவப்புச் சாயத்துக்கே ரசிகர்கள் உண்டு. இவர்களுடைய எஞ்சின்களுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் யாருடையது என்று கம்பெனிகள் பத்திரிகை விளம்பரத்தில் ஒன்றையொன்று கிழித்தன. அதில் முன்னால் நின்ற எட் இஸ்கெண்டேரியனும் ஆர்மீனியர்தான். துறைமுக நகரத்துக்கே உரிய கலவை அது. கடிகாரம் யாருடைய நிறத்தையும் கேட்கவில்லை என்று அழகாகச் சொல்லிவிடலாம். கடிகாரத்துக்கு வெளியே நகரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 1965-இல், இங்கிருந்து அரைமணி நேரத் தூரத்தில், வாட்ஸ் பகுதி இனக் கலவரத்தில் எரிந்தது. அந்தத் தீயிலிருந்து பிறந்த இன்னொரு தடத்துக்குப் பிறகு வருகிறேன்.

லயன்ஸ் வளர்த்த போட்டிகளில் உலகம் அறிந்தது டான் ப்ருடோமும் டாம் மெக்யூவனும். ப்ருடோம் கார்களுக்குச் சாயம் அடித்து வந்தவர். 'பாம்பு' என்று பட்டம். லாங் பீச்காரரான மெக்யூவனுக்கு அவரை எதிர்த்து ஓட ஒரு பட்டம் தேவைப்பட்டது. 'கீரி' என்று வைத்துக்கொண்டார். கீரியும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும் என்று தெருவில் வித்தை காட்டுகிறவனுக்கும் தெரியும்; மெக்யூவனுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. 1970-இல் பொம்மைக் கம்பெனியான மேட்டலிடம் போய், ஹாட் வீல்ஸ் பெயரில் இரண்டு கார்களுக்கும் பணம் வாங்கினார். மஞ்சள் கார் பாம்பு, சிவப்புக் கார் கீரி. உலகமெங்கும் குழந்தைகள் கையில் அந்த இரண்டு குட்டிக் கார்களும் ஓடின. மருமகன் சட்டென்று நின்றான். "அந்தச் சிவப்பு, மஞ்சள் காரா? என் ஃப்ரெண்டு சேர்த்து வச்சிருக்கான் மாமா!" அவன் தினமும் கடக்கும் கண்டெய்னர் முற்றத்தோடு அவனுக்கிருந்த முதல் உறவு அங்கே பிடிபட்டது.

பெரிய பணம் வந்ததும் ஊர்த் திடலின் கணக்கு மாறத் தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். பொம்மை விற்க வேண்டுமானால் கார் ஊர்ஊராகப் போக வேண்டும். சனிக்கிழமைதோறும் வில்மிங்டனில் இருக்க முடியாது. லயன்ஸ் தன் பிள்ளைகளை நாட்டுக்குக் கொடுத்துவிட்டது.

அதே 1970-இல், மார்ச் 8 அன்று, இந்த விளையாட்டின் வடிவமே மாறிய சம்பவம் இங்கே நடந்தது. ஃபுளோரிடாவிலிருந்து வந்த டான் கார்லிட்ஸ் இறுதிச் சுற்றுக்குப் புறப்பட்டார். ஸ்லிங்ஷாட் காரில் ஓட்டுநரின் கால்களுக்கு நடுவில்தான் கிளட்சும் கியர்ப்பெட்டியும் சுழலும். புறப்பட்ட நொடியில் கியர்ப்பெட்டி வெடித்தது. கார் இரண்டாக ஒடிந்தது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் பாதி போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் யோசித்தது, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று. பின்னெஞ்சின் டிராக்ஸ்டரை அதற்குமுன் பலர் முயன்று கைவிட்டிருந்தார்கள். கார் நேராகப் போகாது. கார்லிட்ஸ் தரப்பு கண்டுபிடித்தது சின்ன விஷயம்: ஸ்டீயரிங் மிகக் கூர்மையாக இருக்கிறது, அதன் விகிதத்தை மாற்றி மந்தமாக்கு. கார் அடங்கியது. 1971 தொடக்கத்தில் அந்தக் காரோடு அதே லயன்ஸுக்குத் திரும்பிவந்து ஓட்டினார். சில வாரங்களில் போமோனாவில் தேசியப் போட்டியை வென்றார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட்டுகள் காணாமல் போயின. எத்தனை ஓட்டுநர்கள் அதனால் உயிரோடு முதுமை கண்டார்கள் என்பதை நினைத்தால், லயன்ஸின் தாரில் நடந்த மிகப் பெரிய வெற்றி அந்த விபத்துக்குப் பின் வந்ததுதான்.

சுற்றிலும் வீடுகள் பெருகின. இரவெல்லாம் நைட்ரோ எஞ்சின் அலறினால் தூங்க முடியாது என்ற புகார் நியாயமானது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் குடியிருந்து பார்க்க வேண்டும். ஆனால் சத்தம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் வேறு வழிகள் தேடியிருப்பார்கள். நிலம் துறைமுகத்தினுடையது. துறைமுகத்துக்கு நிலம் தேவைப்பட்டது. இதில் ஒரு பொருத்தம் உண்டு. லயன்ஸ் திறந்து ஆறே மாதத்தில், 1956 ஏப்ரலில், நாட்டின் மறுகோடியில் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கண்டெய்னர் யுகத்தின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். அப்போது வில்மிங்டனில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து ஒன்றின் இடம் மற்றதற்கு வேண்டியிருந்தது.

1972 டிசம்பர் 2. 'கடைசி டிராக் ரேஸ்' என்றே அறிவித்தார்கள். திடல் கொள்ளாத கூட்டம். முதல்தரப் பிரிவில் கார்ல் ஓல்சன், பதின்வயதைத் தாண்டாத ஜெப் ஆலனை வென்றார். பந்தயம் முடிந்ததும் மக்கள் வெளியேறவில்லை, உள்ளே இறங்கினார்கள். பலகைகள், வேலித் துண்டுகள், தாரிலிருந்து பெயர்த்த கட்டிகள் என்று கையில் கிடைத்ததை எடுத்துப்போனார்கள். பெரியவரின் வீட்டிலும் ஒரு தார்க்கட்டி இருக்கிறதாம். மனைவி இரண்டு முறை தூக்கி எறிந்து, இரண்டு முறையும் அவர் பொறுக்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

மதியத்துக்குமேல் வின்சென்ட் தாமஸ் பாலத்தைக் கடந்து டெர்மினல் தீவுக்குப் போனோம். பச்சை நிறத் தொங்குபாலம்; உச்சியிலிருந்து பார்த்தால் பாரந்தூக்கிகளும் கப்பல்களும் கண்டெய்னர்களுமாகத் தீவே ஒரு கிடங்கு. 1942-இல் இந்தத் தீவின் ஜப்பானிய மீனவக் கிராமத்தை மூட்டை கட்டக்கூட அவகாசம் தராமல் காலிசெய்தார்கள். லயன்ஸ் மூடிய இரண்டே ஆண்டில், 1974-இல், இங்கே ஒரு டிராக் தடம் திறந்தது. பெயர் பிரதர்ஹுட் ரேஸ்வே. நடத்தியவர் 'பிக் வில்லி' ராபின்சன். ஆறரை அடி உயரம், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், கறுப்பினத்தவர். வாட்ஸ் கலவரத்துக்குப் பின் தெருப் பந்தயக்காரர்களைச் சங்கமாகச் சேர்த்து, எந்தக் கும்பலைச் சேர்ந்தவனாக இருந்தாலும் சண்டையைக் காரில் போட்டுக்கொள் என்றவர். அவர் மனைவி டொமிக்கோவும் பந்தயக் கார் ஓட்டினார். போலீஸ் அதிகாரிகளும் மேயர் டாம் பிராட்லியும் ஆதரித்தார்கள். துறைமுகம் இடத்தைத் திரும்பக் கேட்பதும், வில்லி போராடித் திறப்பதுமாக, மூடித் திறந்து, மூடித் திறந்து, 1995 வரை ஓடியது. பிறகு அங்கும் சரக்கு வந்தது. 2012-இல் இறக்கும்வரை அவர் இன்னொரு இடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிராக் ரேஸ் சாகவில்லை. கிழக்கே போமோனாவில் 1961 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. இன்றைய முதல்தரக் கார் மணிக்கு 330 மைலைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் நிறுத்த இடம் வேண்டுமென்று 2008-இல் தூரத்தையே ஆயிரம் அடியாகக் குறைத்துவிட்டார்கள். பெரிய லாரிகளில் உதிரி எஞ்சின்கள், கம்பெனிப் பெயர்கள், தொலைக்காட்சி எல்லாம் உண்டு. பெரியவர் அங்கும் போகிறார், ரசிக்கிறார். ஆனால் அது ஆண்டுத் திருவிழா. லயன்ஸ் வாரச் சந்தையாக இருந்தது. சாண்டா ஆனா 1959-இலேயே மூடியது, பிறகு சான் ஃபெர்னாண்டோ, லயன்ஸ், அர்விண்டேல், 1983-இல் ஆரஞ்சு கவுண்டி என்று வாரச் சந்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. தெற்குக் கலிஃபோர்னியாவின் நிலத்துக்கு ஏறிய விலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

திரும்பும் வழியில் ஒரு நாற்சந்தியில் தார் முழுக்க டயர் தேய்ந்த கறுப்பு வட்டங்கள். "ராத்திரியில பசங்க ரோட்டை மறிச்சுக் கார் சுத்துவாங்க மாமா. போலீஸ் வந்தா ஓடிருவாங்க," என்றான் மருமகன். அந்த லாங் பீச் நீதிபதி இன்று வந்தாலும் அதே வழக்குப் பட்டியலைத்தான் பார்ப்பார். நம் ஊரிலும் மெரினா கடற்கரைச் சாலையிலும் ஈ.சி.ஆரிலும் பைக் பந்தயம் விட்ட பையன்களைப் போலீஸ் பிடிப்பதும் வண்டியைப் பறிமுதல் செய்வதும் வாடிக்கைச் செய்திதான்.

ஒரு நாளைக்கு எத்தனை கண்டெய்னர் இறங்கியது என்பதைத் துறைமுகம் பெட்டிபெட்டியாக எண்ணிச் சொல்லும். பதினேழு ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் தெருவில் சாகாமல் வீடு திரும்பிய பையன்களை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. எழுத முடியாத லாபத்துக்கு நிலம் ஒதுக்க அன்று ஒரு நீதிபதியும் சில அரிமா சங்கத்தாரும் துணிந்தார்கள், அதுவும் துறைமுகத்தின் வாசலில். வேகத்தின் மேல் பையன்களுக்கு இருக்கும் ஆசை அபராதத்தால் தீர்ந்ததாக எந்த ஊரிலும் சரித்திரமில்லை. 402 மீட்டர் நேரான தார், ஒரு கடிகாரம், அதட்டிப் பேச உரிமையுள்ள ஒரு பெரியப்பா: செலவு அவ்வளவுதான். சென்னையானாலும் லாஸ் ஏஞ்சலஸானாலும், அதற்கு இடமில்லை என்று சொல்கிற நகரம் தன் தெருக்களையே அதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.